எந்தக் காட்சியைச் சொல்கிறீர்கள்?

தருமபுரியில் நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் கூடி, அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். இந்தக் கூட்டத்துக்குப் பெயர் இல்லை, சந்தா இல்லை, தலைவர், செயலாளர் என்று எவரும் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வருகிறார். பாலக்கோட்டிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர், ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் நண்பர், பெங்களூருவில் பல காலம் கட்டட மேஸ்திரியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், கிருஷ்ணகிரியிலிருந்து ஒரே பைக்கில் வரும் இரண்டு கல்லூரி மாணவர்கள், கூட்டுறவுத் துறையில் ஓய்வுபெற்ற அரூர்ப் பெரியவர் ஒருவர், இவர்களோடு நான். சில மாதங்களில் இன்னும் சிலர் சேர்ந்துகொள்வார்கள். மாங்காய் அறுவடைக் காலத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

இங்கே ஒரு வழக்கம் தானாகவே வளர்ந்திருக்கிறது. படம் பிடித்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ யார் சொன்னாலும், அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: “எந்தக் காட்சியைச் சொல்றீங்க?” இதைத் தொடங்கிவைத்தவர் அரூர்ப் பெரியவர். கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்து பழகியவர் என்பதால், ரசீது இல்லாத செலவை ஏற்காத மனம் அவருக்கு. நாளடைவில் அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு படத்தைப் பற்றிய கருத்து, அரங்கைவிட்டு வெளியே வரும்போது நம்மிடம் முழுமையாக இருப்பதில்லை என்பதையும், அதே படத்தை வேறு கண்ணால் பார்த்த ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து, இன்ன இடத்தில் இன்னது நடந்தது, அதனால் இப்படி நினைத்தேன் என்று சொல்ல நேரும்போதுதான் அது உருவாகிறது என்பதையும் நான் உணர்ந்தது இந்தக் கேள்வியால்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்று திரையரங்க வாசலில் நடக்கிறது. படம் முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக் நீளுகிறது. “முதல் பாதி சூப்பர், இரண்டாம் பாதி கொஞ்சம் லேக், பிஜிஎம் வேற லெவல், ஒரு தடவை பார்க்கலாம்” என்று பதில் வருகிறது. இந்த ஒரு வாக்கியத்தை எடுத்து எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் பொருத்திவிடலாம் என்பதே அதன் சிறப்பு. 2024-ஆம் ஆண்டில் பெரிய செலவில் எடுக்கப்பட்ட சில படங்கள் அடுத்தடுத்துச் சறுக்கியபோது, தமிழ்த் திரைப்பட நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம் இந்த மைக்குகளையே முதன்மைக் குற்றவாளியாகக் கண்டது. அந்த ஆண்டு நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை அனுமதிக்க வேண்டாம் என்று அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில், படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். காசு கொடுத்துப் பார்த்தவனின் வாயை மூன்று நாள் கட்டிவைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த வாசலில் சொல்லப்படுவது கருத்துதானா என்ற ஐயம் எனக்கு இன்னும் இருக்கிறது. படத்தைத் திட்டுவது அங்கே குறையாக எனக்குத் தோன்றவில்லை; இரண்டரை மணி நேரப் படத்துக்கு மூச்சுவிடும் நேரம்கூடத் தராத அவசரம்தான் குறை.

எங்கள் பக்கத்தில் இந்த அவசரத்துக்கு இன்னொரு கூறும் உண்டு. 2023 ஜனவரியில் சென்னையில் அதிகாலைக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது ஒரு ரசிகர் உயிரிழந்த பிறகு, தமிழ்நாட்டில் விடியற்காலைச் சிறப்புக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. பெரிய நடிகர்களின் படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அத்திப்பள்ளியைத் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்துவிட்டால் காலை 6 மணிக்கே படம் ஓடும். ஆகவே ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ரசிகர்கள் இரவோடு இரவாக எல்லையைக் கடக்கிறார்கள். இங்கே முதல் காட்சிக்கு மக்கள் வரிசையில் நிற்கும்போதே அங்கிருந்து தீர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. எங்கள் ஓசூர் நண்பர் இப்படிப் போகிறவர்களில் ஒருவர். இரவு ஷிஃப்ட் முடித்து நேராக அரங்குக்குப் போய்ப் பாதிப் படத்தில் தூங்கிவிட்டு, அதன் பிறகும் நட்சத்திரம் கொடுக்கும் திறமை அவருக்கு உண்டு. கூட்டத்தில் அவரைக் காட்சி சொல்லச் சொன்னால் மட்டும் கொஞ்சம் திணறுவார்.

‘மெய்யழகன்’ படத்தைப் பற்றி நாங்கள் போட்ட சண்டை நினைவுக்கு வருகிறது. பிரேம்குமார் இயக்கி, 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான படம். வீட்டை இழந்து 1996-இல் தஞ்சாவூரைவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பத்தின் மகன், பல ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே “அத்தான்” என்று உரிமையோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவனுடன் (கார்த்தி) ஓர் இரவைக் கழிக்கிறான். ஆனால் அவன் பெயர்கூட இவனுக்கு நினைவில் இல்லை. மளிகைக் கடைக்காரர் படம் வந்த வேகத்தில் பார்த்துவிட்டு, இரண்டாம் பாதி முழுக்கப் பேச்சாகவே இருக்கிறது, இழுத்துக்கொண்டு போகிறது என்றார். மாணவர்களில் ஒருவர் அப்படியெல்லாம் இல்லை, அளவாகத்தான் இருந்தது என்றார். எந்தக் காட்சி என்ற கேள்வி வந்தது. கடைக்காரர் சொன்ன பேச்சில் சிலவற்றை மாணவர் கேட்டதாகவே நினைவில்லை என்றார். கடைக்காரரோ தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்யாத குறைதான். படம் வெளியான சில நாள்களில், நீளம் பற்றிய புகார்களுக்குப் பிறகு, அதிலிருந்து சுமார் 18 நிமிடங்கள் வெட்டப்பட்டன என்ற செய்தி யாருக்கோ நினைவுக்கு வந்தபோதுதான், இருவரும் இரண்டு வேறு படங்களைப் பார்த்துவிட்டு மோதிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வெட்டியது நியாயமா என்பதில் பேச்சு சூடுபிடித்தது. அந்தப் படத்தில் நடப்பதே பேச்சுதான், பேச்சைக் குறைப்பது சண்டைப் படத்தில் சண்டையைக் குறைப்பதற்குச் சமம் என்றார் ஆசிரியை. இயக்குநரே ஒப்புக்கொண்டு வெட்டிய பிறகு நாம் எதற்கு வக்காலத்து வாங்க வேண்டும் என்றார் கடைக்காரர். என் எண்ணம் ஆசிரியையின் பக்கமே சாய்ந்தது. இரவு முழுவதும் பேசித் தீராத உறவு என்பது கதையின் ஆதாரமாக இருக்கும்போது, பார்வையாளனுக்கும் அந்த இரவு சற்று நீளமாகத் தெரிவதில் தவறு இல்லை. அதுவரை வாய் திறக்காமல் இருந்த மேஸ்திரி இறுதியாகச் சொன்னது எங்கள் வாதத்தை வேறு பக்கம் திருப்பியது. அவருக்கு நீளமும் தெரியவில்லை, குறுக்கமும் தெரியவில்லை. அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது விட்டுச்சென்ற சைக்கிள்தான் அவருக்குப் படம். விட்டுப்போனவர்களுக்கு ஒன்றுமில்லாத அந்தச் சைக்கிள், கிடைத்தவர்களின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று கார்த்தி சொல்லும் இடத்தில், தான் பெங்களூருக்குப் புறப்பட்ட நாளில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன பொருள்களை எண்ணிப் பார்த்தாராம். இந்த மாவட்டங்களிலிருந்து கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு புறப்பட்டுப் போகிறவர்கள் ஏராளம். போகிறவனின் ஏக்கத்தைச் சொல்லும் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. அவன் விட்டுச்சென்றது பின்னால் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்த படம் இது என்பதை, தஞ்சாவூரை ஒருமுறைகூடப் பார்த்திராத மேஸ்திரிதான் எங்களுக்குக் காட்டினார்.

‘லப்பர் பந்து’ எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதனால் அதைப் பற்றிய பேச்சு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் பிடித்த படம் கூட்டத்துக்கு ஆகாது என்பது எங்கள் அனுபவம். திறமை இருந்தும் சாதியின் பெயரால் கிரிக்கெட் அணியில் சேர்க்கப்படாத ஆட்டக்காரனைப் பற்றி மட்டும் மாணவர்கள் சற்றுப் பேசினார்கள். ஊர்ப் போட்டிகளில் ஆடுகிறவர்கள் அவர்கள். யார் அணியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைப் படம் பார்த்த பிறகு எண்ணத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நல்ல கணக்குதான்.

‘கொட்டுக்காளி’யில் நிலைமை தலைகீழ். 2024 ஆகஸ்ட் 23 அன்று, ‘வாழை’ வெளியான அதே நாளில் வந்த படம் அது. ஊரே ‘வாழை’க்குப் போனபோது இது சில நாள்களுக்குள் அரங்குகளிலிருந்து மறைந்துவிட்டது. பி.எஸ். வினோத்ராஜின் இந்தப் படம் அதற்கு முன்பே பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டிருந்தது. பின்னணி இசை என்று ஒன்றும் கிடையாது. வேறு சாதிப் பையனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட பாண்டியும் இரு வீட்டாரும் ஆட்டோவிலும் பைக்குகளிலுமாகச் சாமியாடியிடம் அழைத்துப்போகிறார்கள். படம் முழுவதும் அந்தப் பயணம்தான். ஓசூர் நண்பர் இதைப் பார்க்கவே இல்லை. மாணவர்கள் பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்கவில்லை, முடிவும் இல்லை என்றார்கள்.

ஆசிரியை கேட்டது ஒரு காளையைப் பற்றி. நடுவழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. வீரம் பேசிவந்த ஆண்கள் எவருக்கும் அதன் அருகே போகத் துணிவில்லை. எங்கிருந்தோ ஒரு சிறுமி வருகிறாள், காளையைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். ஆட்டோவுக்குள் இருக்கும் மீனா அதைப் பார்க்கிறாள். “ஒண்ணுமே நடக்கலைன்னு சொன்னீங்களே தம்பி, அங்க என்ன நடந்தது?” என்று ஆசிரியை கேட்டார். அந்தச் சிறுமிக்கு இன்னும் எவரும் கொட்டுக்காளி, அதாவது பிடிவாதக்காரி, என்று பட்டம் சூட்டவில்லை, பத்து ஆண்டுகள் கழித்து அவளையும் ஓர் ஆட்டோவில் ஏற்றுவார்கள், தன் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மாணவர்களில் ஒருவர் சற்றுத் தயங்கி, தான் அதைப் போனில், ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்ததாகச் சொன்னார். அந்த மாலையில் அதிகம் சிரித்தது அப்போதுதான். இசையே இல்லாத படத்தில், காற்றையும் ஆட்டோவின் இரைச்சலையும் தொண்டை கட்டிப்போன சூரியின் குரலையும் நம்பி எடுக்கப்பட்ட படத்தில், வேகத்தைக் கூட்டினால் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

ஓடிடி வந்ததை நான் குறைசொல்லவில்லை. எங்கள் ஊர்களுக்கு வராமலே போகும் படங்களையும், வந்து மூன்றாம் நாளே தூக்கப்படும் படங்களையும் அதனால்தான் பார்க்க முடிகிறது. மூன்று பேருந்து மாறி இரவுக் காட்சிக்குப் போய்த் திரும்ப முடியாத பெண்கள் படம் பார்ப்பதும் அதனால்தான்; ஆசிரியை அண்மையில் பார்த்த படங்களில் பெரும்பாலானவை அப்படிப் பார்த்தவை. ஆனால் தவணை முறையில், சாப்பிடும்போது கொஞ்சம், பேருந்தில் கொஞ்சம் என்று பார்த்தவர்களுடைய கருத்துகளில் ஓர் அடையாளம் இருக்கிறது: கதையில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும், எவ்வளவு நேரம் நடந்தது என்பது தெரியாது. ஒரு காட்சி நம்மைக் காக்கவைத்ததா, திணறவைத்ததா என்பதைச் சொல்ல, அந்தக் காத்திருப்பை அனுபவித்திருக்க வேண்டும். ஆகவே இப்போது எங்கள் மாடியில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: எப்படிப் பார்த்தீர்கள்?

இந்த மாடியில் நான் கேட்டவற்றில் மறக்க முடியாதது ‘விடுதலை’ பற்றிய பேச்சு. வெற்றிமாறனின் அந்தப் படத்தின் முதல் பாகம் 2023 மார்ச் 31 அன்றும் இரண்டாம் பாகம் 2024 டிசம்பர் 20 அன்றும் வெளியாயின. இரண்டாம் பாகம் வந்தபோது, முதல் பாகத்தையும் சேர்த்து ஒரு கூட்டம் முழுக்கப் பேசினோம். மலைக்கிராமத்துப் பெண்களைக் காவல் முகாமுக்குக் கொண்டுவந்து ஆடையைக் களைந்து வதைக்கும் பகுதியைப் பற்றி மாணவர்களில் ஒருவர், இது மிகை, பார்வையாளர்களைக் கொதிக்கவைப்பதற்காகச் சேர்த்தது, நிஜத்தில் இப்படியெல்லாம் கூட்டமாகச் செய்ய முடியுமா என்றார். அவர் பிறப்பதற்கு முன் நடந்ததை அவரிடம் யாரும் சொன்னதில்லை போலும்.

அரூர்ப் பெரியவர் குரலை உயர்த்தவில்லை. சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் வட்டத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் திரண்டு அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார்கள். 1995-இல் வழக்கு சிபிஐ விசாரணைக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று இதே தருமபுரியின் நீதிமன்றம், எஞ்சியிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இவற்றைக் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, “கூட்டமாச் செய்ய முடியுமான்னு கேட்டீங்களே தம்பி, இருநூத்து அறுபத்தொம்பது பேர்” என்றார்.

இங்கே நிறுத்தியிருந்தால், படம் உண்மையைக் காட்டியது, ஆகவே நல்ல படம் என்று ஒப்புக்கொண்டு எழுந்து போயிருப்போம். நடந்ததோடு ஒத்துப்போகிறது என்பதே ஒரு படத்துக்குப் போதுமான பாராட்டு என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆசிரியை விடவில்லை. ‘விடுதலை’யின் கதை வேறொன்று, அதன் வேர் ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதை என்பதை நினைவூட்டிவிட்டு, தனக்கு அந்த முகாம் காட்சியில் இரண்டு குறைகள் என்றார். அந்தப் பெண்கள் படும் வேதனையை நமக்குக் காட்ட, அவர்கள் உடலையே திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கிறதா என்பது முதலாவது. இரண்டாவது குறையைத்தான் நான் இன்றுவரை அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். படத்தில் அந்தப் பெண்கள் வதைபடுகிறார்கள், கதறுகிறார்கள். மனசாட்சியின் போராட்டமெல்லாம் கான்ஸ்டபிள் குமரேசனுடையது. வாச்சாத்தியில் நடந்ததோ வேறு. பாதிக்கப்பட்ட பெண்களே குற்றவாளிகளை நேருக்கு நேர் நின்று அடையாளம் காட்டினார்கள், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள், பின்வாங்கவில்லை. “அழுகிற பொம்பளையப் படம் எடுக்கறாங்க, கோர்ட்ல விரல் நீட்டற பொம்பளைய எப்ப எடுப்பாங்க?” என்று அவர் கேட்டதற்கு, வெற்றிமாறனின் தீவிர ரசிகரான ஓசூர் நண்பரிடமும் பதில் இல்லை. அவர் இரண்டாம் பாகத்தின் அரசியல் உரையாடல்களை எடுத்துச்சொல்லிச் சற்று நேரம் வாதாடினார். அதுவும் நியாயமான வாதமே. ஆனால் எங்கள் ஊரின் வரலாறு ஒரு படத்தை உயர்த்தவும் செய்யும், அதே மூச்சில் அதன் போதாமையைக் காட்டவும் செய்யும் என்பதை அன்று கண்டேன். சென்னையில் எழுதப்பட்ட எந்த விமர்சனத்திலும் இந்தக் கேள்வி என் கண்ணில் படவில்லை.

‘மகாராஜா’வில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை, ஏற்படும் என்றும் தோன்றவில்லை. நித்திலன் சுவாமிநாதன் இயக்கிய, விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம் அது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் காவல் நிலையத்துக்குப் போய், ‘லட்சுமி’ காணாமல் போய்விட்டாள் என்று புகார் கொடுக்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. மளிகைக் கடைக்காரர் கொண்டுவந்த காட்சி இதுதான்: காவலர்கள் அவரை மறுபடி மறுபடி கதை சொல்லவைத்துச் சிரிக்கிறார்கள், அரங்கும் சிரிக்கிறது, பின்னால் உண்மை தெரியும்போது அந்தச் சிரிப்பே நம்மைச் சுடுகிறது, இவ்வளவு கச்சிதமாகத் திரைக்கதை எழுதிய தமிழ்ப் படம் அண்மையில் வரவில்லை என்றார். பார்க்காதவர்களுக்காக மேலே சொல்லாமல் விடுகிறேன். ஆசிரியையின் மறுப்பு, அதே கச்சிதத்தின் மீதுதான். ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை, காலத்தை முன்னும் பின்னும் கலைத்து அடுக்கி, பார்வையாளருக்குக் கடைசியில் பரிமாறும் திருப்பமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு அது திருப்பம் அல்ல, அவள் வாழ்க்கை என்றார். நான் பெரும்பாலும் அவரோடு உடன்படுகிறேன், ஆனால் அந்தக் காவல் நிலையக் காட்சியை இப்போது நினைத்தாலும் எழுதியவரின் கைத்திறனை வியக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்துவிட்டுப் போகட்டும். கடைக்காரர் அதற்குப் பிறகும் இரண்டு முறை படத்தைப் பார்த்துவிட்டு வந்து, புதிய காட்சிகளோடு வழக்கை மறுபடி திறந்திருக்கிறார்.

ரசிகர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரஜினிகாந்தின் மூதாதையர் ஊரான நாச்சிக்குப்பம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதால், அவரைப் பற்றிப் பேசும்போது மாணவர்கள் இருவரும் சொந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பேசுவதுபோல் விறைத்துக்கொள்வார்கள். 2025 ஆகஸ்ட் 14 அன்று ‘கூலி’ வந்த மாதத்தில், படம் தாறுமாறாக இருந்ததென்று கடைக்காரர் சொல்லப்போய், தலைவரைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது என்று கொதித்தார்கள். வழக்கம்போல் காட்சியைக் கேட்டார் பெரியவர். வெகுநேரம் யோசித்துவிட்டு அவர்கள் சொன்னது, ‘மோனிகா’ பாட்டுக்கு சௌபின் சாகிர் ஆடும் ஆட்டம். அதில் ரஜினி இல்லையே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். பற்று வேறு, கருத்து வேறு என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியைப் பொறுத்தவரை நாங்கள் எல்லையோர மக்கள். ஓசூரிலும் வேப்பனப்பள்ளியிலும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் புழங்குகின்றன. ‘காந்தாரா’வைக் கன்னடத்தில் பார்த்தவரும் தமிழில் பார்த்தவரும் எங்களிடையே உண்டு. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 2024-இல் டப்பிங் இல்லாமல் மலையாளத்திலேயே தமிழ்நாடு முழுக்க ஓடியபோது எங்களுக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. எங்களை வியக்கவைத்தது இன்னொன்று. ‘குணா’ 1991-இல் வெளியானபோது அரங்கில் பார்த்தவர் பெரியவர். அப்போது தனக்கு அது பிடிக்கவே இல்லை என்றும், அதில் வரும் குகைப் பாட்டு இந்த மலையாளப் படத்தின் உச்சத்தில் ஒலித்தபோது தன்னை அறியாமல் கண் கலங்கியது என்றும் சொன்னார். மாணவர்கள் அதன் பிறகே ‘குணா’வைத் தேடிப் பார்த்தார்கள், அவர்களுக்கு அது பிடித்திருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கொடுத்த தீர்ப்பை, வேறு மொழியில் வேறு ஒருவர் எடுத்த படம் வந்து மாற்றியிருக்கிறது. முதல் மூன்று நாளைப் பற்றிக் கவலைப்படும் தயாரிப்பாளர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

அண்மையில் பார்த்த படம் என்றால் அண்மையில் வெளியான படமாகத்தான் இருக்க வேண்டுமா என்று பெரியவர் ஒருநாள் கேட்டதன் விளைவாக, இப்போது ஒரு பழைய படம் எங்கள் முன்னால் இருக்கிறது. ராஜாஜியின் கதையைக் கொண்டு சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய ‘திக்கற்ற பார்வதி’, 1974-இல் வந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. ஸ்ரீகாந்தும் லட்சுமியும் நடித்தார்கள்; இசை வீணை சிட்டிபாபு. ஓசூருக்கு அருகில், ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியிலேயே படமாக்கப்பட்டது என்பதால், எங்கள் மண்ணின் பாறையும் புழுதியும் அரை நூற்றாண்டுக்கு முன் எப்படி இருந்தன என்பதை அதில் பார்க்கலாம். குடியும் கடனும் சேர்ந்து ஓர் ஏழைத் தம்பதியைத் தின்னும் கதை. 1937-இல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன.

படத்தை முதலில் பார்த்துவிட்டவர்கள் மேஸ்திரியும் ஆசிரியையும். மேஸ்திரி, இதில் பழையது என்று ஒன்றுமில்லை, சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு டாஸ்மாக் வாசலில் நிற்கிறவர்களை வைத்து இதையே இன்றைக்கும் எடுக்கலாம் என்கிறார். ஆசிரியை, குடியை வில்லனாக்கிவிட்டு வட்டிக்கு விடுகிறவனைப் பாதியில் தப்பவிடுகிறது கதை என்கிறார். வட்டிக்காரனுடைய பங்கு படத்தில் தெளிவாகவே இருக்கிறது, அதைக் காட்சி வாரியாகக் காட்டுகிறேன் என்று பெரியவர் சவால் விட்டிருக்கிறார். ஓசூர் நண்பர் அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட் என்று இப்போதே சாக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். மாணவர்கள் இருவரும் சாதாரண வேகத்திலேயே பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் பாதிதான் பார்த்திருக்கிறேன்.